மீள வரும் இசைத்தட்டும் அமானிதமும்

1982 இல் பம்பாயில் ஓர் இசைத்தட்டு பதிவானது. வாசித்தவர் சரண்ஜித் சிங். அறுபதுகள் முதலாகத் திரைப்பட இசைக்குழுக்களில் கிற்றார் வாசித்துப் பிழைத்தவர். ஆர். டி. பர்மன், லக்ஷ்மிகாந்த் பியாரேலால் போன்றோரின் பாடல்களைக் கேட்டவர்கள் அவரையும் அறியாமலே கேட்டிருக்கக்கூடும். திரைப்பட இசையில் வாத்தியக்காரனுக்குப் பெயர் கிடையாது, கூலி உண்டு. அந்தப் பெயரற்ற மனிதர் தன் பெயரைப் போட்டு வெளியிட்ட தட்டுகளில் ஒன்று இது. பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் தந்த அந்தத் தட்டில் தபேலா இல்லை, சித்தார் இல்லை. பூபாளி, யமன், மால்கௌன்ஸ் முதலானவை உண்டு. எமக்குப் பழக்கமான பெயர்களில் சொன்னால் மோகனம், கல்யாணி, ஹிந்தோளம். எல்லாவற்றையும் அவர் மூன்று யப்பானிய மின்னிசைக் கருவிகளில் தனியொருவராக வாசித்தார். தட்டு விற்கவில்லை. எல்லோரும் மறந்தார்கள்.

2002 இல் எடோ பௌமன் என்ற ஒல்லாந்தர் டில்லியின் பழைய தட்டுக்கடை ஒன்றில் அதைக் கண்டெடுத்தார். 2010 இல் தனது சிறு நிறுவனத்தின் மூலம் மறுபதிப்புச் செய்தார். உடனே ஐரோப்பாவில் ஒரு பரபரப்பு. சிக்காகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் 1987 இல் தொடக்கிவைத்ததாகக் கருதப்பட்ட 'அசிட் ஹவுஸ்' என்ற நடன இசையை, ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே பம்பாயில் ஒரு சீக்கியர் செய்துவிட்டார் என்று எழுதினார்கள். சிலர் நம்பவே மறுத்தார்கள். அப்படியொரு மனிதரே இல்லை, பெயர்போன இங்கிலாந்து இசைக்கலைஞர் ஒருவரின் குறும்பு வேலை இது என்றும் வதந்தி பரவியது. மனிதரோ மும்பையில் தன் வீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயதில் அதே கருவிகளோடு ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். 2015 யூலையில் காலமானார்.

கேட்பதற்கு இனிப்பான கதை. புறக்கணிக்கப்பட்ட கலைஞன், தாமதமாக வந்த அங்கீகாரம், முடிவில் கைதட்டல். இந்தக் கதையை எமது மாணவர்களுக்கு நானும் சொல்லியிருக்கிறேன், அவர்கள் கண்கள் விரிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் இதன் உள்ளே ஒரு கேள்வி முள்போலக் கிடக்கிறது. 2010 இல் மீண்டும் வந்தது 1982 இல் போன அதே தட்டுத்தானா? ஒருவன் முன்னர் செய்து உலகம் கைவிட்ட ஒன்றை இன்னொருவன் எடுத்துத் தூசிதட்டி, புதிய பெயர் சூட்டி வெளியிடும்போது, அவன் அதை மீட்கிறானா, எடுத்துக்கொள்கிறானா?

எமது நண்பர்கள் சிலர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரிப்பார்கள் என்பது தெரியும். ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி மட்டுமே உண்டு, வாசகனே அதைப் படைக்கிறான் என்று இரண்டு தசாப்தங்களாக எமது சஞ்சிகைகளில் எழுதி வருகிறோம். ரோலண்ட் பார்த் 1967 இல் சொன்னதை நாமும் எமது அளவில் சொல்லிப் பார்த்தோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் சரண்ஜித் சிங் இறக்கவில்லை. அவருக்கு ஒரு முகவரி இருந்தது. கதவைத் தட்டினால் திறப்பார். ஆசிரியன் இறந்துவிட்டான் என்பது கோட்பாடாக இருக்கும்வரை இலகு. அவர் தேநீர் ஊற்றிக்கொண்டு எதிரில் அமர்ந்திருக்கையில் அதைச் சொல்வதற்குத் தனியான துணிவு வேண்டும்.

பௌமன் கதவைத் தட்டினார் என்பதே அந்த மறுபதிப்பில் நான் மதிக்கும் செயல். மும்பையில் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, என்ன நினைத்து இதைச் செய்தீர்கள் என்று கேட்டார். கிடைத்த பதில் மிகச் சாதாரணமானது. அக்காலத்தில் திரைப்படங்கள் எங்கும் டிஸ்கோவாக இருந்தது, அதையே வைத்து வேறேதாவது செய்யலாமே என்று நினைத்தேன், தபேலாவை நிறுத்திவிட்டு இராகங்களுக்கு டிஸ்கோத் தாளத்தைக் கொடுத்தேன் என்பதே அவர் சொன்னதன் சாரம். 1980 இல் நாசியா ஹசன் 'குர்பானி' படத்தில் பாடியதையும் 1982 இல் 'டிஸ்கோ டான்ஸர்' ஓடிய ஓட்டத்தையும் நினைவுள்ளவர்கள் இந்தப் பதிலை உடனே விளங்கிக்கொள்வார்கள். அவர் எதிர்காலத்தைக் கண்டவர் அல்லர். தன் காலத்தைக் கூர்ந்து பார்த்தவர்.

கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் விடயத்தின் பாதி அங்கே கிடக்கிறது. அவர் பயன்படுத்திய ரோலண்ட் டீ.பீ. 303 என்ற சிறு பெட்டி 1981 இன் இறுதியில் சந்தைக்கு வந்தது. தனியாக வாசிக்கும் கிற்றார்காரனுக்குப் பேஸ் கிற்றார்க்காரன் துணைக்கு இல்லாத குறையைத் தீர்க்கவே அதைச் செய்தார்கள். பேஸ் கிற்றாரின் ஒலி அதிலிருந்து வரவில்லை, றப்பரை இழுத்தது போன்ற ஏதோ ஒரு சத்தமே வந்தது. வியாபாரம் படுத்து, மூன்று ஆண்டுகளுக்குள் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளுக்கு மலிவு விலையில் போய்ச் சேர்ந்த பெட்டிகளில் ஒன்றைத்தான் சிக்காகோ இளைஞர்கள் வாங்கினார்கள். திருகிகளைத் தாறுமாறாகத் திருப்பிப் பார்த்தபோது வந்த சத்தத்தை வைத்து 'அசிட் ட்ராக்ஸ்' என்ற தட்டை 1987 இல் வெளியிட்டார்கள். ஒரு தோல்வியுற்ற பெட்டியின் குறை அவர்களுக்கு இசையாயிற்று.

சரண்ஜித் சிங்குக்கு அந்தப் பெட்டியில் தேவைப்பட்டது வேறு. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வெட்டுப்படாமல் வழுக்கிச் செல்லும் வசதி அதில் இருந்தது. இராகம் வாசிப்பவனுக்கு அந்த வழுக்கல் உயிர்நாடி. ஹார்மோனியத்தில் அது வராது, சாதாரண விசைப்பலகையிலும் வராது. ஹவாயன் கிற்றாரில் உருக்குத் துண்டை நழுவவிட்டுப் பழகிய கை, ஓர் எந்திரத்திலும் அதையே தேடியிருக்கிறது. ஆக இரு தரப்பாரும் ஒரே பெட்டியில் வேறு வேறு கதவுகளால் நுழைந்தவர்கள். சத்தம் ஒன்றுபோல இருப்பதனால் எண்ணமும் ஒன்று என்று ஆகிவிடாது. 'அசிட் ஹவுஸின் தந்தை' என்ற பட்டம் சிக்காகோ இளைஞர்களுக்குரியதைப் பறிக்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிட மோசம், சரண்ஜித் சிங்கினுடையதை அவரிடமிருந்து பறிக்கிறது. அவர் மோகனத்தையும் ஹிந்தோளத்தையும் பற்றி யோசித்தார் என்பது அந்தப் பட்டத்தில் எங்கே இருக்கிறது?

சட்டம் இதில் உதவாது. மறுபதிப்புக்கு உரிமை வாங்கினாயா, ஊதியம் கொடுத்தாயா என்பதோடு சட்டத்தின் வேலை தீர்ந்துவிடும். இளையராஜா 2017 இல் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் கடிதம் அனுப்பியபோது தமிழுலகமே இரண்டுபட்டு நின்றது. அப்போதும் பேச்செல்லாம் காசையும் அனுமதியையும் பற்றித்தான். நான் கேட்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. காசு கொடுத்தாயிற்று, கையொப்பம் வாங்கியாயிற்று. இனி அந்தப் பொருளை என்னவென்று சொல்லி உலகத்துக்குக் கொடுப்பது?

எமக்கு இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே உண்டு: அமானிதம். ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் நகையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துப் போவார். திரும்பி வரும்போது அதே நகை அதே நிறையில் கைக்கு வர வேண்டும். பழைய மோஸ்தர் என்று உருக்கி இன்றைய மோஸ்தரில் செய்து வைத்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அமானிதம் பேணப்படவில்லை என்போம்.

இன்னொன்றும் உண்டு. எமது முன்னோர் ஒரு செய்தியைக் கேட்டால், செய்தி என்ன என்பதற்கு முன் அது யார் வழியாக வந்தது என்று கேட்டார்கள். இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் என்ற அந்த இஸ்னாத் இல்லாமல் ஹதீஸ் கலை இல்லை. மார்க்க அறிஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் புனிதத்தை ஒப்பிடவில்லை, ஒழுங்கை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒழுங்கில் எனக்குப் பிடித்த அம்சம், தொடக்கத்தில் நின்றவரின் பெயரோடு நடுவில் சுமந்து வந்த ஒவ்வொருவரின் பெயரையும் அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் அது கேட்கிறது என்பதே. ஒரு பழைய தட்டு மீளவரும்போதும் இதே கேள்விகளைக் கேட்கலாம். யார் வாசித்தார், எந்த ஆண்டு, எந்தக் கருவியில், என்ன எண்ணத்தோடு, யார் கையில் கிடந்தது, யார் திருத்தினார், எதை வெட்டினார்?

எழுபதுகளின் எமது பொப்பிசைப் பாடல்களுக்கு இந்தச் சங்கிலி அறுந்து போயிற்று. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' ஒலிக்காத பாடசாலைச் சுற்றுலா பஸ் இந்நாட்டில் இல்லை. கைதட்டிப் பாடும் பிள்ளைகளிடம் இது யாருடைய பாட்டு என்று கேட்டால், "நாட்டார் பாடல் சேர்" என்பார்கள். கிற்றாரோடு நின்று அதைப் பாடியவர் எம் காலத்து மனிதர். கசட்டிலிருந்து இறுவட்டுக்கும் இறுவட்டிலிருந்து கைத்தொலைபேசிக்கும் பாட்டு வந்து சேர்ந்தது, பெயர் நடுவழியில் இறங்கிவிட்டது.

இலக்கியத்திலும் நாம் மேலானவர்கள் அல்லர். சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திரம்' இன்று ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்ற பட்டத்தோடு பேசப்படுகிறது. பட்டம் எமக்குப் பெருமை தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் 'முஸ்லிம் நேசன்' நடத்திய, பாடசாலைகள் அமைக்க ஓடித்திரிந்த அந்தக் கண்டிச் சட்டத்தரணி எதற்காக எகிப்தில் ஒரு கதையை நடத்தினார் என்று கேட்பவர்கள் குறைவு. 'முதல்' என்ற முத்திரை குத்தியதும் வாசிக்க வேண்டிய தேவை தீர்ந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த பட்டதாரிகள் பலருக்கு அந்நூலின் ஆண்டு தெரியும், அசன்பே யார் என்பது தெரியாது. பம்பாய்த் தட்டுக்கு ஐரோப்பாவில் நேர்ந்தது இங்கே எம் கையாலேயே நேர்ந்திருக்கிறது.

படைத்தவனே தன் பழையதை மீளக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை என்று தோன்றும். ஃபிரெட் ஃபிரித் என்ற ஆங்கிலேய ரொக் கிற்றார் கலைஞர் 1974 இல் 'கிற்றார் சோலோஸ்' என்ற தட்டை வெளியிட்டார். கம்பிகளில் கவ்விகளை மாட்டி, கழுத்துப் பக்கமும் ஒலிவாங்கி பொருத்தி, கிற்றாரை அதுவரை யாரும் கேளாத விதத்தில் வாசித்த தட்டு அது. 2002 இல் தன் பழைய தட்டுகளை மறுபதிப்புச் செய்யவென்றே தன் பெயரில் ஒரு வெளியீட்டகத்தைத் தொடங்கினார். ஐம்பதாவது ஆண்டில், பழைய பதிவோடு புதிதாக வாசித்த தனி வாசிப்புகளையும் சேர்த்து அந்தத் தட்டு மீண்டும் வந்தது. இளைஞனையும் கிழவனையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டார். இது நேர்மையான வழி. ஆனால் எல்லோருக்கும் இந்த வாய்ப்பு இல்லை. தன் இளமைக்கால வேலையோடு சமாதானமாக இருக்கும் மனிதர்களுக்கு மட்டுமே உண்டு.

சமாதானம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். யூசுப் இஸ்லாம் அவர்களைப் பற்றி எமது வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் எழுபதுகளில் உலகப் புகழ் பெற்று, 1977 டிசம்பரில் இஸ்லாத்தை ஏற்று, கிற்றார்களை ஏலத்தில் விற்றுத் தருமம் செய்து, 1983 இல் லண்டனில் ஒரு பாடசாலையைத் தொடங்கியவர். அவர் மேடையை விட்டிறங்கிய பின்னும் பழைய தட்டுகள் விற்றுக்கொண்டேயிருந்தன. பாடிய மனிதர் வேறொருவராகிவிட்டார், குரல் மட்டும் பழைய பெயரில் கடைகளில் நின்றது. இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தை இங்கு திறக்க நான் விரும்பவில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், சத்தமும் போதியளவு இருக்கிறது. என்னைத் தொட்டது அவர் பின்னாளில் செய்த ஒரு காரியம். 2006 இல் மீண்டும் பாடத் தொடங்கிய அவர், 1970 இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற தட்டின் பாடல்கள் அனைத்தையும் 2020 இல் புதிதாகப் பாடிப் பதிந்தார். அதில் தகப்பனும் மகனும் மாறி மாறிப் பேசுகின்ற ஒரு பாட்டு இருக்கிறது. புதிய பதிவில் தகப்பனின் அடிகளை எழுபதைத் தாண்டிய யூசுப் பாடுகிறார். மகனின் அடிகளுக்கு 1970 இல் ஒரு மேடையில் ஒலித்த அவரது சொந்த இளங்குரலையே எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அவர் அந்த இளைஞனை அழிக்கவில்லை, அவனாக நடிக்கவுமில்லை. அவனுக்குப் பதில் சொல்கிறார்.

இவையெல்லாம் பெரிய இடத்துச் சங்கதிகள். திருகோணமலைத் துறைமுகத்தின் இக்கரையில், இவ்வளவு பெரிய நிறுவனங்கள் எதுவும் எட்டிப் பாராத எமது ஊரில், இதே கேள்வி கடந்த வருடம் ஒரு கசட்டின் வடிவில் வந்தது.

எமது பாடசாலையில் உயர்தரம் படித்துவிட்டுப் போன ஒரு பையன். அவனுடைய மூத்தாப்பா எழுபதுகளில் இளந்தாரியாக இருந்தபோது மின்கிற்றார் வாசித்தவர். துறைமுக நகரில் அது அதிசயமல்ல. கப்பற்காரரிடமிருந்து கிற்றார் வரும், ரேப் ரெக்கோடர் வரும், தட்டுகள் வரும். சீனக்குடாவில் வேலைசெய்தவர்களிடம் கேட்டுப் பழகி, கல்யாண வீடுகளிலும் நகரத்துக் கொண்டாட்டங்களிலும் வாசித்திருக்கிறார். எண்பதுகளில் சவூதிக்குச் சாரதியாகப் போனார். திரும்பி வந்தபின் கிற்றாரைத் தொடவில்லை. இன்று பள்ளியின் முதல் ஸஃப்பில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அவர் தனியே வாசித்துப் பதிந்த ஒரேயொரு கசட், கந்தளாயில் அவருடைய தங்கை வீட்டு அலுமாரியில் கிடந்ததால் தப்பியது. ஊரில் இருந்திருந்தால் 2004 டிசம்பர் 26 அன்று அவருடைய வீட்டோடு சேர்ந்து போயிருக்கும்.

பையன் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். நான் இசை தெரிந்தவன் அல்லன். ஆனாலும் திகைத்தேன். சுரங்கள் நேரே நிற்காமல் வளைந்து வளைந்து, ஏதோ எட்டாத ஓரிடத்தை எட்டுவது போல் இழுபட்டன. கடைசிப் பாட்டில் இசை முழுவதுமே மெல்ல மெல்ல உச்சத்துக்கு ஏறி, ஆகாயத்தில் மறைவதுபோல முடிந்தது. பையன் சொன்னான், "சேர், அந்தக் காலத்தில கிழக்கில இப்பிடி ஒராள் பரிசோதனை செஞ்சிரிக்காரு. ஒலகத்துக்குத் தெரியாது. நான் இத வெளியிடப் போறன்." அட்டைப் படமும் தயார். 'கிழக்கின் முதல் பரிசோதனை ரொக் கிற்றார் கலைஞர்' என்று அதில் எழுதியிருந்தான்.

மூத்தாப்பாவிடம் கேட்டாயா என்றேன். இல்லை என்றான். அசருக்குப் பிறகு இருவருமாகப் போனோம்.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது ஷடோஸ் அடிச்ச பாட்டு மாஸ்டர். அதத்தான் நானும் வாசிக்கப் பாத்தன். மூணாவது கம்பி அறுந்து போச்சு. பாதை ஏறி டவுனுக்குப் போகாம கம்பி எங்க எடுக்கிற? இல்லாத கம்பிக்கு இரிக்கிற கம்பிய இழுத்து இழுத்து வாசிச்சன்." எமது ஊரார் 'பாதை' என்பது இயந்திரப் படகுத் தோணியை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாம் அதில்தான் கரை கடந்தோம். கடைசிப் பாட்டு ஆகாயத்துக்கு ஏறுகிறதே என்று பையன் விடவில்லை. "அது பெட்டரி எறங்கினது மகன்" என்றார்.

அவர் சொன்னது பௌதிகவியலின்படியும் சரி. பதியும்போது பெட்டரி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும். அப்படிப் பதிந்ததை நல்ல வேகத்தில் ஓடும் ரெக்கோடரில் போட்டால் சுருதி ஏறிக்கொண்டே போகும். பையனின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அந்த ஏற்றம் இப்போது பொய்யாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுந்த கம்பியோடு ஒரு பாட்டை விட்டுவிடாமல் வாசித்து முடித்த இளைஞனின் பிடிவாதம் அந்த இழுவையில் இருக்கிறது. பெட்டரிக் கதையைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டபோது எனக்கு அது முன்னைவிட நன்றாகவே இருந்தது. பையன் கேட்டது அவன் காது கேட்டது, அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. 'பரிசோதனை' என்று அட்டையில் அச்சிடுவதற்குத்தான் இல்லை.

மிச்சச் சிக்கல் பெயரில் வந்தது. பெயரும் கதையும் சேர்ந்தே போக வேண்டும் என்று இஸ்னாத் பற்றியெல்லாம் நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ட பேர் பள்ளிச் சந்தாப் புத்தகத்தில இரிக்கி மாஸ்டர், அது போதும்" என்றார். கிற்றாரைப் பற்றி வெட்கப்படுகிறாரா, அல்லது அது தன் ஆயுளில் முடிந்துபோன ஒரு பாகம் என்று கருதுகிறாரா என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கிளறவில்லை.

பையனின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. எமது பிரதேசத்தில் பழையது ஒன்று இரண்டாம் முறை கைக்கு வருவது அபூர்வம். கடல் கொண்டுபோனது ஒரு பங்கு. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தபோது வீடுகளில் விட்டுப்போன கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் கசட்டுகளும் இன்னொரு பங்கு. இப்போதே வெளியிடாவிட்டால் பிறகு இல்லை என்ற பதற்றம் எமக்கு இரத்தத்தில் ஊறிவிட்டது. ஆனால் இந்தப் பதற்றத்தில் இரண்டு காரியங்களை ஒன்றாகக் குழப்புகிறோம். காப்பது ஒன்று, வெளியிடுவது இன்னொன்று. நாடா நாளுக்கு நாள் அழியும். ஆகவே பிரதியெடுத்துக் காப்பதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்பேன். தீப்பிடித்த வீட்டிலிருந்து பொருளை வெளியே எடுத்து வைப்பது போன்றது அது. எடுத்து வைத்தவன் அதைச் சந்தையில் வைக்கலாமா என்பது உடையவன் உயிரோடு இருக்கும்வரை உடையவனின் கேள்வி. காத்தவன் நானல்லவா என்ற வாதம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வாதமாகவே படுகிறது.

உடையவர் போன பின்? பிள்ளைகளுக்கு மனம் மாறலாம், ஊர் மாறலாம். ஹதீஸ் கலையில் பெயர் சொல்லப்படாத அறிவிப்பாளரை 'முப்ஹம்' என்பார்கள். அப்படியொருவர் நடுவில் வந்தால் செய்தி பலவீனமாகும், ஆனாலும் அந்தப் பலவீனத்தைக் குறித்தே ஏட்டில் வைத்திருக்கிறார்கள். பெயரில்லாத கசட் ஒன்றையும் அப்படி வைக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். பையனுக்கு இது திருப்தியில்லை. பேரில்லாட்டி யார் நம்புவார் சேர் என்கிறான். சரண்ஜித் சிங்கையே நம்பாதவர்கள் இருந்தார்கள், அவருக்குப் பெயரும் படமும் இருந்தன என்று சொல்லிப் பார்த்தேன்.

அட்டைப் படத்தை அவன் கைவிட்டான். கணினியில் பிரதியெடுத்து, மூலக் கசட்டை மூத்தாப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டான். கொடுக்கும்போது உறைக்குள் ஒரு துண்டுக் கடதாசி எழுதி வைத்தான். 1974 அல்லது 75. எங்கள் வீட்டு முன்விறாந்தை. மின்கிற்றார், ஐந்து கம்பி. பதியும்போது பெட்டரி இறங்கியது. கந்தளாயில் இருந்தது. வாசித்தவர் என்ற இடத்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. முதியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். வெற்றிடத்தைக் கடந்து போனார். பிறகு பேனையைக் கேட்டு வாங்கி, 'ஐந்து கம்பி' என்பதன் பக்கத்தில் எழுதினார்: கடைசிப் பாட்டுக்கு நாலு.